வீடியோ விளையாட்டும் உளச் சிகிச்சையும்

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பயிலும் மாணவன் ஒருவன் சில வாரங்களாக யாருடனும் பேசுவதில்லை. பாடத்தில் கவனமில்லை, உணவிலும் உறக்கத்திலும் மாறுதல் காணப்படுகிறது. ஆசிரியர் அன்புடன் காரணம் வினவுகிறார். “ஒன்றுமில்லை, ஐயா” என்பதே விடை. பெற்றோர் கேட்டாலும் அதே விடைதான். மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் சென்று உளநல நிபுணர் முன் அமர்த்தினாலும் அவன் தலைகுனிந்தே இருக்கிறான். இத்தகைய நிலை எந்தப் பள்ளியிலும் காணக்கூடியதே. அனுபவமுள்ள ஆசிரியர் யாவரும் இதனை அறிவர்.

உளச் சிகிச்சை பெரும்பாலும் பேச்சையே கருவியாகக் கொண்டது. நோயுற்றவர் தம் உள்ளத்தில் உள்ளதைச் சொல்கிறார். சிகிச்சையாளர் அதைக் கேட்டு, எண்ணத்திலும் நடத்தையிலும் உள்ள சிக்கலை அவரே உணர்ந்து நீக்கிக்கொள்ளுமாறு உதவுகிறார். பேச இயலாதவருக்கும் பேச விரும்பாதவருக்கும் இக்கருவி எட்டாததாகிவிடுகிறது. இளம் பருவத்தினருள் இத்தகையோர் பலர். இவர்களை அணுகுவதற்குரிய வழிகளுள் ஒன்றாக, சென்ற சில பத்தாண்டுகளாக வீடியோ விளையாட்டுகள் ஆராயப்பட்டு வந்துள்ளன. அவற்றால் விளைந்த பயன் யாது, அவற்றின் எல்லை யாது, பள்ளியிலும் கிராமத்திலும் பணிபுரிவோர் இதைப்பற்றி அறிந்திருக்க வேண்டுவது யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

விளையாட்டு அறையிலிருந்து திரைக்கு

விளையாட்டைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது புதிய கருத்தன்று. 1920-களிலேயே மெலனி கிளைன், அன்னா பிராய்டு ஆகிய இரு அம்மையாரும் குழந்தைகளின் மனச் சிக்கல்களை ஆராய்கையில் விளையாட்டுக்கு இடமளித்தனர். பெரியவர் சொல்லால் வெளியிடுவதைக் குழந்தை விளையாட்டால் வெளியிடுகிறது என்பது கிளைனின் கொள்கை. குழந்தையின் நட்பையும் நம்பிக்கையையும் பெறுவதற்கு விளையாட்டு உதவும் என்பது அன்னா பிராய்டின் நோக்கு. பின்னர், 1947-ஆம் ஆண்டில், அமெரிக்கரான வர்ஜீனியா ஆக்ஸ்லைன் விளையாட்டுச் சிகிச்சையைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். பொம்மை, மணல், வண்ணம், களிமண் முதலியன இவ்வாறு சிகிச்சை அறையில் இடம் பெற்றன.

1980-களில் வீடியோ விளையாட்டு மேலை நாட்டு இல்லங்களில் பரவிற்று. சிகிச்சைக்கு வந்த சிறுவர்கள் பொம்மையைக் காட்டிலும் இதனையே விரும்பினர். கார்ட்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர், கடைகளில் விற்கப்பட்ட சாதாரண விளையாட்டுகளைச் சிறுவர்களுடன் சேர்ந்து ஆடி, அதனால் கண்ட நன்மைகளை 1991-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். மரியோ என்னும் குழாய் பழுதுபார்ப்போன் தடைகளைத் தாண்டிச் செல்லும் விளையாட்டு அவற்றுள் ஒன்று.

இம்முறையின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. விளையாடும் சிறுவனின் நடத்தை, அவன் வாயால் கூறாத பலவற்றைக் கூறிவிடுகிறது. தோற்றவுடன் எழுந்து போகிறானா, மீண்டும் முயல்கிறானா? தவற்றுக்குத் தன்னை நொந்துகொள்கிறானா, கருவியைக் குறை கூறுகிறானா? பின்விளைவை எண்ணிப் பார்த்து அடியெடுத்து வைக்கிறானா, பதற்றத்தால் விரைகிறானா? உதவி கேட்க நாணுகிறானா? இவையனைத்தும் சிகிச்சையாளருக்குப் பயன்தரும் குறிப்புகள். அன்றியும், இருவரும் ஒரு திரையை நோக்கி அருகருகே அமர்ந்திருக்கும்போது, எதிரெதிரே அமர்ந்து கண்ணோடு கண் நோக்கும் சங்கடம் நீங்குகிறது. கைகள் விளையாட்டில் ஈடுபட்டிருக்கையில் நா தானே நெகிழ்கிறது. விளையாட்டைப் பற்றித் தொடங்கும் பேச்சு, சிறிது சிறிதாக வீட்டையும் பள்ளியையும் பற்றிய பேச்சாக மாறுகிறது.

மூவகைப் பயன்

இன்று வீடியோ விளையாட்டு உளச் சிகிச்சையில் பயன்படுத்தப்படும் விதங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மேலே கூறியவாறு சாதாரண விளையாட்டைப் பேச்சுக்கு வாயிலாகக் கொள்வது. இரண்டாவது, உளச் சிகிச்சையின் பாடங்களையே விளையாட்டாக அமைப்பது. மூன்றாவது, விளையாட்டின்போது மனத்தில் நிகழும் குறிப்பிட்டதொரு செயலைப் பயன்படுத்தி, நினைவு, அச்சம், கவனம் ஆகியவற்றை மாற்ற முயல்வது. பின்னிரண்டு வகைகளைப் பற்றியே முறையான பரிசோதனைகள் மிகுதியாக நடந்துள்ளன.

நியூஸிலாந்து நாட்டுப் பரிசோதனை

இரண்டாம் வகைக்குச் சிறந்த உதாரணம் ‘ஸ்பார்க்ஸ்’ என்னும் விளையாட்டு. இது நியூஸிலாந்தின் ஆக்லந்து பல்கலைக்கழகத்தில் சாலி மெர்ரி என்னும் உளநோய் மருத்துவரின் தலைமையில் உருவாக்கப்பட்டது. அந்நாட்டில் மனச்சோர்வுற்ற இளைஞர் பலர் சிகிச்சை பெறாமலேயே இருந்தனர். நிபுணரை நாடத் தயக்கம் ஒரு காரணம். நிபுணர்களின் பற்றாக்குறை மற்றொரு காரணம். இவ்விரு தடைகளையும் ஒருங்கே கடக்க இயலுமா என்பதே ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்ட வினா.

இவ்விளையாட்டின் அடிப்படை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறையாகும். மனத்தில் தோன்றும் எண்ணம் உணர்ச்சியைப் பாதிக்கிறது. உணர்ச்சி செயலைப் பாதிக்கிறது. செயல் மீண்டும் எண்ணத்தை வலுப்படுத்துகிறது. “நான் எதற்கும் உதவாதவன்” என்று எண்ணுபவன் சோர்ந்து, வெளியே செல்லாது ஒதுங்குகிறான். ஒதுங்கியிருப்பதால் நண்பர்கள் குறைகின்றனர். அதனால் அவ்வெண்ணமே உண்மையென்று அவனுக்குத் தோன்றுகிறது. இச்சங்கிலியை எண்ணத்திலோ செயலிலோ அறுத்துவிட்டால் சோர்வு தணியும் என்பது இச்சிகிச்சையின் கொள்கை.

விளையாட்டின் அமைப்பு வருமாறு: விளையாடுவோர் முதலில் தமக்கெனத் திரையில் ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். வழிகாட்டி ஒருவர் திரையில் தோன்றி, அவரை நேரே விளித்துப் பேசி, நலம் விசாரித்து, அன்றைய பாடத்தின் நோக்கத்தை விளக்குகிறார். பின்னர் விளையாடுவோர் ஒரு கற்பனை உலகினுள் நுழைகிறார். இருண்ட எண்ணங்கள் பூச்சிகளாக உருவெடுத்து அவ்வுலகின் சமநிலையைக் குலைத்துவிட்டன. தாமாகத் தோன்றும் சோர்வு எண்ணங்களைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால், கடிக்கும் சிறு பூச்சி ஒன்றின் பெயர் கிடைக்கிறது. அப்பெயரே அவற்றுக்கு இடப்பட்டுள்ளது. அவற்றை வென்று உலகை மீட்பதே வீரரின் பணி.

குகை நாடு, பனி நாடு, எரிமலை நாடு, மலை நாடு, சதுப்பு நாடு, பால நாடு, பள்ளத்தாக்கு என ஏழு பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதியும் ஒரு பாடம். முதற்பகுதி நம்பிக்கையையும் மூச்சை அமைதிப்படுத்தும் பயிற்சியையும் கற்பிக்கிறது. பனி நாட்டில், சோர்வின்போதும் செயலில் ஈடுபடுவதன் பயன் கூறப்படுகிறது. எரிமலை நாட்டில் சினம் முதலிய கடும் உணர்ச்சிகளைக் கையாளும் முறை. மலை நாட்டில் பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை. சதுப்பு நாட்டில் தீங்கான எண்ணத்தை அடையாளம் காணும் முறை. பால நாட்டில் அவ்வெண்ணத்தை எதிர்த்து வாதிடும் முறை. இறுதிப் பகுதி இவையனைத்தையும் ஒன்றுசேர்க்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வழிகாட்டி மீண்டும் தோன்றி, கற்பனை உலகில் கற்றதை மெய் வாழ்வில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று கேட்டு, செய்து பார்க்கச் சில பணிகளைக் கொடுத்தனுப்புகிறார். இந்த இறுதிப் படியே இதனைக் கேளிக்கை விளையாட்டினின்றும் வேறுபடுத்துகிறது.

இதன் பயனை அளந்தறிய, மனச்சோர்வுக்கு உதவி நாடி வந்த 12 முதல் 19 வயது வரையுள்ள 187 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தங்களுக்குத் தாங்களே தீங்கிழைத்துக்கொள்ளக்கூடும் என்னும் பெரும் அபாய நிலையிலிருந்தோர் இதில் சேர்க்கப்படவில்லை. சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். 94 பேர் இவ்விளையாட்டை நான்கு முதல் ஏழு வாரங்களில் ஆடி முடிக்குமாறு பணிக்கப்பட்டனர். ஏனைய 93 பேருக்கு வழக்கமான சிகிச்சை, பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆலோசகருடன் நேரில் உரையாடும் சிகிச்சை, அளிக்கப்பட்டது.

முடிவுகள் 2012-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயின. விளையாட்டுப் பிரிவில் நூற்றுக்கு 44 பேர் அளவில் மனச்சோர்வு நீங்கிய நிலையை எய்தினர். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் இத்தொகை நூற்றுக்கு 26. எனினும், சோர்வு ஓரளவேனும் குறைந்தோரின் தொகையில் இரு பிரிவுகளுக்கும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, “விளையாட்டு ஆலோசகரை வென்றது” என்று முடிவு கட்டுதல் தவறு. “லேசானதும் நடுத்தரமானதுமான மனச்சோர்வில், இவ்விளையாட்டு வழக்கமான சிகிச்சைக்குக் குறைந்ததன்று” என்பதே இப்பரிசோதனையின் முறையான முடிபு. விளையாட்டை உருவாக்கியோரே அதனைப் பரிசோதித்தவர்களிலும் இருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதன் பின்னர் நிகழ்ந்ததும் கவனத்திற்குரியது. 2014-ஆம் ஆண்டில் நியூஸிலாந்து அரசின் ஆதரவுடன் இவ்விளையாட்டு அந்நாட்டு இளைஞர் அனைவருக்கும் இலவசமாக அளிக்கப்பட்டது. பரிசோதனையில் பங்கு கொண்டோருள் பெரும்பாலோர் பாதிக்கு மேற்பட்ட பாடங்களை முடித்திருந்தனர். ஆனால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது தொடங்கியோர் பலராயினும் இறுதிவரை சென்றோர் மிகச் சிலரே. பரிசோதனையில், “எவ்வளவு தூரம் வந்தாய்?” என்று கேட்க ஒருவர் இருந்தார், வெளியில் அவ்வாறு கேட்போர் இல்லை. மருந்து நல்லதாயினும் அதை உட்கொள்ளச் செய்ய ஒரு மனிதர் வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.

துன்ப நினைவும் டெட்ரிஸும்

மூன்றாம் வகையில் மிகவும் பேசப்படுவது டெட்ரிஸ் விளையாட்டு. 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பாஜிட்னாவ் என்பவர் இதனை உருவாக்கினார். பல வடிவக் கட்டங்கள் மேலிருந்து விழுகின்றன. அவற்றைத் திருப்பி, இடைவெளியின்றி வரிசையாக அடுக்க வேண்டும். இவ்வளவே விளையாட்டு. சிகிச்சைக்கென இது உருவாக்கப்பட்டதன்று.

கோர விபத்தையோ வன்செயலையோ கண்டவர்களுக்கு அக்காட்சி வேண்டாதபோது மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றித் துன்புறுத்துவதுண்டு. இந்நினைவுகள் பெரும்பாலும் சொற்களாக அல்ல, படங்களாகவே தோன்றுகின்றன. ஒரு நிகழ்ச்சியின் நினைவு மனத்தில் உறுதிப்படச் சில மணி நேரமாகிறது. அந்நேரத்தில், காட்சியையும் இடத்தையும் பற்றிய வேறொரு கடினமான வேலையை மனத்திற்குக் கொடுத்தால், துன்பக் காட்சி அவ்வளவு ஆழமாகப் பதியாது அல்லவா? மனத்தின் காட்சிப் பலகை அளவிற் சிறியது. இரு படங்களை ஒருங்கே எழுத அதில் இடம் போதாது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் இவ்வாறு கருதினர்.

2009-ஆம் ஆண்டில் வெளியான இவர்களது சோதனையில் 40 பேருக்குத் துயரக் காட்சிகள் அடங்கிய படம் காட்டப்பட்டது. அரை மணி நேரம் கழித்துப் பாதிப்பேர் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆடினர். மற்றவர்கள் வாளா இருந்தனர். அடுத்த ஒரு வாரத்தில், ஆடியவர்களுக்குத் துயரக் காட்சிகள் குறைந்த முறையே நினைவில் எழுந்தன. ஆயினும், படத்தில் கண்டவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டபோது அவர்களும் மற்றவரைப் போலவே விடையளித்தனர். நிகழ்ச்சி மறந்து போகவில்லை. அது தானே வந்து தாக்குவதே குறைந்தது.

எந்த விளையாட்டும் இப்பயனைத் தருமா என்ற ஐயம் எழலாம். 2010-ஆம் ஆண்டில் அதே குழுவினர் இதனையும் சோதித்தனர். படத்திற்குப் பின் சிலருக்கு டெட்ரிஸும், சிலருக்குச் சொல்லால் அமைந்த பொது அறிவு வினா விளையாட்டும் அளிக்கப்பட்டன. டெட்ரிஸ் துன்ப நினைவுகளைக் குறைத்தது. அரை மணி நேரத்திற்குப் பின் ஆடிய வினா விளையாட்டோ, ஒன்றும் செய்யாதிருந்தவர்களைவிட அவற்றை அதிகமாக்கிற்று. கவனத்தைத் திருப்பினால் போதும் என்னும் எண்ணம் இதனால் பொய்யாயிற்று. பொருத்தமற்ற விளையாட்டு பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்யக்கூடும் என்பது இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

அடுத்த படியாக, இச்சோதனை மெய்யான விபத்துக்குள்ளானோரிடம் நடத்தப்பட்டது. ஆக்ஸ்போர்டு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேர், சாலை விபத்து நிகழ்ந்த ஆறு மணி நேரத்திற்குள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் விபத்தின் காட்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்ந்த பின் டெட்ரிஸ் ஆடினர். 2017-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முதல் வாரத்தில் அவர்களைத் துன்புறுத்திய நினைவுகள் மற்றப் பிரிவினருடையவற்றைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைவாயிருந்தன. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்குமிடையே தெளிவான வேறுபாடு புலப்படவில்லை. ஆகையால் இம்முறை நம்பிக்கை தருவதேயன்றி, நிலைபெற்ற சிகிச்சையாக ஆகிவிட்டதெனக் கூற இயலாது.

அச்சமும் கவனமும்

அச்ச நோய்க்கு, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்வது நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை. உயரமான இடத்தைக் கண்டு அஞ்சுபவரை மாடி மாடியாக அழைத்துச் செல்வது எல்லா மருத்துவ நிலையங்களிலும் இயலாது. கணினியால் படைக்கப்பட்ட தோற்ற உலகம் இதற்கு உதவுகிறது. அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் முதலியோர் தோற்ற உலகப் பாலங்களிலும் மாடங்களிலும் நோயாளிகளை நிறுத்தி, அச்சம் தணிந்ததை 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர், இராக் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் மனக்காயத்திற்கென ஒரு தோற்ற உலகம் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது. அதன் தொடக்க வடிவத்திற்கு ஒரு போர் வீடியோ விளையாட்டின் காட்சிகளே மூலப்பொருளாயின. இச்சிகிச்சையில் சிகிச்சையாளர் அருகிலிருந்து, காட்சியின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் நடத்துகிறார். நோயாளி தனித்து விடப்படுவதில்லை.

கவனக் குறைவும் மிகை இயக்கமும் உள்ள குழந்தைகளுக்கென அமைந்த ‘எண்டெவர் ஆர்எக்ஸ்’ என்னும் விளையாட்டுக்கு 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. மருத்துவர் சீட்டின் பேரில் வழங்கத்தக்க வீடியோ விளையாட்டாக அனுமதி பெற்றது இதுவே முதலாவது. 8 முதல் 12 வயது வரையுள்ள 348 குழந்தைகளிடம் நான்கு வாரங்கள் நடந்த சோதனையில், இதனை ஆடியோர் கணினி வழிக் கவனத் தேர்வில், சொல் விளையாட்டு ஆடியோரைவிட மிகுந்த முன்னேற்றம் அடைந்தனர். ஆனால் வீட்டில் குழந்தையின் நடத்தையைப் பற்றிப் பெற்றோர் அளித்த மதிப்பீட்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தனர். தேர்வில் பெறும் மதிப்பெண்ணும் வாழ்வில் ஏற்படும் மாற்றமும் ஒன்றல்ல என்பது ஆசிரியர்கள் நன்கறிந்த உண்மையே.

விளையாட்டே நோயாகும் நிலை

வீடியோ விளையாட்டால் கேடுற்ற மாணவர்களைக் கண்ட ஆசிரியர்கள், அதனையே சிகிச்சை என்று கேட்டு வியப்படைவது இயல்பு. அவர்களது கவலை ஆதாரமற்றதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் திருத்தம் 2019-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. விளையாடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றினும் அதற்கே முதலிடம் தருதல், தீய விளைவு கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும், சாதாரணமாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்து, படிப்பும் குடும்பமும் சீர்குலையும் நிலையையே இப்பெயர் குறிக்கிறது. விடுமுறையில் சில மணி நேரம் விளையாடும் மாணவனை நோயாளி எனக் கருதலாகாது. இக்கோளாறு உள்ளோருக்கென 2014-ஆம் ஆண்டிலேயே பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு விஞ்ஞான நிலையத்தில் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

சில வேளைகளில் மிகையான விளையாட்டு நோயாக இராமல் நோயின் அறிகுறியாக இருப்பதுமுண்டு. பள்ளியில் கொடுமைக்கு ஆளான சிறுவன், திரையில் மட்டுமே வெற்றியும் தோழமையும் காண்கிறான். கைபேசியைப் பறித்துவிட்டால் அவனுடைய ஒரே புகலிடம் பறிபோகிறது. கொடுமை அவ்வாறே நிற்கிறது. எவ்வளவு நேரம் விளையாடுகிறான் என்பதோடு, எதனிடமிருந்து தப்ப விளையாடுகிறான் என்பதையும் வினவுதல் வேண்டும்.

நம் நாட்டு நிலை

2015–16-ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோருள் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைவு உடையவர்கள் எனக் கண்டது. பல்வேறு மனநோய்களில், சிகிச்சை பெறாதோர் நூற்றுக்கு 70 முதல் 92 வரை எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. தேசியக் குற்றப் பதிவு நிலையத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் மாண்டனர். நிபுணர்களை மட்டுமே நம்பி இப்பெருங்குறையை நிறைவு செய்ய இயலாது என்பது வெளிப்படை.

இந்நிலையில், கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சங்காத்’ என்னும் தொண்டு நிறுவனம் மேற்கொண்ட முயற்சி குறிப்பிடத்தக்கது. ‘பாட் அட்வென்சர்ஸ்’ எனப்படும் இவர்களது கைபேசி விளையாட்டு, கோவா, புது தில்லி ஆகிய இடங்களின் மாணவர்களுடன் கலந்தாலோசித்து உருவாக்கப்பட்டது. பிரச்சினையை இன்னதென்று வரையறுத்தல், தீர்க்கும் வழிகளை ஆராய்தல், ஒன்றைத் தேர்ந்து செய்து பார்த்தல் என்னும் மூன்று படிகளே இதன் சாரம். முதலில் மாணவர், கதையில் வரும் வேறு இளைஞர்களின் இடர்களைத் தீர்க்க உதவுகிறார். பின்னர் அதே படிகளைத் தம் சொந்தப் பிரச்சினைக்குப் பயன்படுத்துகிறார். பிறர் துன்பத்தைப் பற்றிப் பேசுவது எளிது. அதில் பழகிய பின் தன் துன்பத்தைப் பேசும் துணிவு பிறக்கிறது.

இவ்விளையாட்டு இணைய இணைப்பின்றியும் இயங்குமாறு அமைக்கப்பட்டது. பள்ளியில் இதனை நடத்தியோர் உளநோய் மருத்துவர்கள் அல்லர். குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தொலைபேசி வழி ஆலோசனையுடன் இணைய வாயிலாக இதனை வழங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. நியூஸிலாந்தில் கண்ட பாடத்திற்கேற்ப, கருவியும் மனிதரும் இணைந்தே செல்லும் முறை இங்கே தொடக்கத்திலேயே கைக்கொள்ளப்பட்டமை கருதத்தக்கது.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத்தக்கவை

சிகிச்சை அளிப்பது ஆசிரியர் பணியன்று. சிகிச்சைக்குரியவரை இனங்காண்பதும், உரிய இடத்திற்கு அனுப்புவதும், அச்சமின்றிப் பேச இடமளிப்பதுமே அவர் பணி. இதற்குப் பின்வரும் குறிப்புகள் பயன்படும்.

கடையிலோ கைபேசியிலோ கிடைக்கும் எந்த விளையாட்டையும் ‘மனநோய்க்கு மருந்து’ என்று யாருக்கும் பரிந்துரைத்தலாகாது. மன அமைதி தரும், நினைவாற்றல் வளர்க்கும் என்னும் விளம்பரங்களுக்கும் முறையான பரிசோதனைக்கும் தொடர்பிருப்பது அரிது. பரிசோதிக்கப்பட்டதா, எவ்வயதினரிடம், எந்நோய்க்கு, எதனோடு ஒப்பிட்டு என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கிடைக்காதாயின் அதனை வெறும் பொழுதுபோக்காகவே கொள்க.

மாணவன் விரும்பி ஆடும் விளையாட்டைப் பற்றி அவனிடம் ஆர்வத்துடன் கேட்டறிவது நல்ல தொடக்கமாகும். “அதில் கடினமான இடம் எது? தோற்றால் என்ன செய்வாய்?” என்பன போன்ற வினாக்களுக்கு, வேறெதற்கும் வாய் திறவாத மாணவனும் விடை கூறுவான். இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை. கேட்பவர் விசாரணை செய்பவராகத் தோன்றாமலிருந்தால் போதும்.

விளையாட்டில் கற்ற முறை வாழ்வுக்கு வர, ஒருவர் பாலமாக நிற்க வேண்டும். பிரச்சினையை ஒரு வாக்கியத்தில் எழுதச் செய்து, தீர்வுக்குரிய வழிகள் மூன்றேனும் சொல்லச் செய்து, ஒன்றைத் தேர்ந்து ஒரு வாரம் முயன்று பார்க்கச் சொல்லி, வார முடிவில் மறவாமல் கேட்பது தாளிலும் பென்சிலிலும் நடத்தக்கூடிய பயிற்சியே.

மாணவன் கூறியதை ஆசிரியர் அறையிலோ ஊரிலோ பேசுதல் கூடாது. ஒருமுறை நம்பிக்கை குலைந்தால் மறுமுறை அவன் யாரிடமும் வாய் திறக்கமாட்டான். ஆயின், அவன் உயிருக்கு அபாயம் என்று தோன்றுமிடத்து இரகசியம் காத்தல் பொருந்தாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, தன்னைத் தாழ்த்திப் பேசுதல், படிப்பில் திடீர் வீழ்ச்சி ஆகியவை காணப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவ நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். சாவைப் பற்றிய பேச்சோ எழுத்தோ தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவ்வாறு எண்ணம் உண்டா என்று நேரே, கனிவுடன் கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டும் என்பது தவறான அச்சம். அம்மாணவனைத் தனியே விடாது, வீட்டாருக்கு அறிவித்து, மருத்துவ உதவி நாட வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். மாணவனுக்காக ஆசிரியரும் ஊழியரும் அழைத்து ஆலோசனை பெறலாம்.

முடிவுரை

வீடியோ விளையாட்டு தன்னளவில் நஞ்சுமன்று, மருந்துமன்று. இன்ன நோய்க்கு, இன்ன வடிவில், இன்ன அளவில், இன்னார் மேற்பார்வையில் என்று வரையறுக்கும்போதே அது சிகிச்சைக் கருவியாகிறது. நியூஸிலாந்திலும் ஆக்ஸ்போர்டிலும் கோவாவிலும் நடந்த முயற்சிகள், தளராத பரிசோதனையால் இவ்வரையறையைச் சிறிது சிறிதாகத் தெளிவாக்கி வருகின்றன. இன்னும் அறிய வேண்டியது மிகுதி.

தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அம்மாணவனுக்கு எந்த விளையாட்டு பொருந்தும் என்பதை நிபுணர் முடிவு செய்வார். ஆனால், அவன் சில வாரங்களாகப் பேசவில்லை என்பதை முதலில் காணக்கூடியவர் அவனுடைய வகுப்பாசிரியரே. அவர் அதனைக் கண்டு அவனருகே அமர்ந்தால்தான் நிபுணரின் உதவி அவனை எட்டுவதற்கு வழி பிறக்கும்.